வெள்ளைக் கையும் சாம்பல் கையும்

சென்னியப்பனுக்கு வலது கை வெள்ளை, இடது கை சாம்பல். இரண்டும் முழங்கைக்குக் கீழே பொருத்திய இயந்திரக் கைகள். வெள்ளைக் கையைச் செய்த கம்பெனி வேறு, சாம்பல் கையைச் செய்த கம்பெனி வேறு. கம்பெனிகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் ஆபீசில் இருக்கும் நாற்காலிகளைவிட அவர்களிடம் வக்கீல்கள் அதிகம்.

ஆபீஸ் என்பது கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. நானும் ஜெரால்டும் அங்கே உட்கார்ந்து கைகளுக்குச் செயலி எழுதிக்கொண்டிருந்தோம். முன்பெல்லாம் போனுக்கு எழுதினார்கள், இப்போது கைக்கு எழுதுகிறோம். சாதம் பிசைய ஒரு செயலி, சட்டைப் பட்டன் போட ஒரு செயலி. எழுதியதைக் கம்பெனியின் கடைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அது கையில் ஏறும்.

சென்னியப்பன் ஒரு சனிக்கிழமை மனைவி கோகிலாவுடன் படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். லுங்கியின் மேல் பெல்ட் போட்டிருந்தார். அந்தப் பெல்ட்டை நான் பார்த்தது தெரிந்ததும் சட்டையைக் கீழே இழுத்து மறைத்துக்கொண்டார்.

“என்னங்கண்ணா வேணும்?” என்றேன்.

“லுங்கி கட்டோணுங்க, அம்மிணி.”

பெரிதாக ஏதோ கேட்கப்போகிறார் என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கோகிலாதான் விளக்கினாள்.

“காத்தால நாந்தான் கட்டிவுடறேன். மத்தியானத்துக்குள்ள தளந்துருதுங்க. நான் மில்லுக்குப் போயிட்டா ஊட்ட உட்டு வெளிய வரமாட்டாரு. பேன்ட் போட்டுக்கங்கன்னா அதுக்கும் மாட்டேங்கறாரு.”

“பொறந்ததுல இருந்து போட்டதில்லீங்க. அதுல நடந்தா யாரோ நடக்கற மாதிரி இருக்குது” என்றார் அவர்.

“ரெண்டு கையும் எப்படிண்ணா போச்சு?” என்று ஜெரால்டு கேட்டான். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற வித்தியாசம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது.

சென்னியப்பன் கோபப்படவில்லை. “பவர் பிரஸ்ஸுங்க தம்பி. அதுல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டையும் ஒண்ணா அமுக்குனாத்தான் மேல இருக்கற அச்சு கீழ எறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா அச்சுக்குள்ள கை இருக்காதில்லீங்க, அதுக்குத்தான். ஆனா அப்படி ஓட்டுனா வேலை ஓடாது. மேஸ்திரி சொன்னாருன்னு ஒரு பட்டன் மேல சைக்கிள் டியூப் ரப்பரச் சுத்திட்டேன். இன்னொண்ண இடுப்புல அமுக்கிக்குவேன். எங்க கம்பெனில எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவோம். ஒருநா தகடு சிக்கிக்கிச்சு. எடுக்கறதுக்கு ரெண்டு கையையும் உள்ள உட்டேன். இடுப்பு பட்டன்ல பட்டிருச்சு.”

கோகிலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விபத்துக்கு ஒரு கை என்று ஃபேக்டரி இன்சூரன்ஸில் வெள்ளைக் கை கொடுத்தார்கள். இன்னொன்றை ஓர் அறக்கட்டளை முகாமில் வாங்கினார். அங்கே சாம்பல்தான் இருந்தது. கலர் பார்த்து எடுக்க அது ஜவுளிக்கடை இல்லை. பொருத்தும் வளையம் மட்டும் எல்லாக் கைக்கும் ஒரே அளவு. இரண்டு கம்பெனிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஜெரால்டு ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை வெள்ளைக் கையிலும் மறு முனையைச் சாம்பல் கையிலும் கொடுத்தான். “இழுங்கண்ணா” என்றான். சென்னியப்பன் இழுத்தார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் விரிந்து துண்டு தரையில் விழுந்தது.

“இப்படித்தாங்க பண்ணுது” என்றாள் கோகிலா. “நான் இழுத்தா புடிச்சுக்குது. அதுக ஒண்ணுக்கொண்ணு இழுத்தா உட்டுருது.”

“அது கோளாறு இல்லக்கா. காவல்” என்றேன். “மனுசத் தோலு இழுத்தா கைக்குத் தெரியும். தோலு இல்லாத ஏதோ ஒண்ணு இழுத்தா, மிஷின்ல மாட்டிக்கிட்டோம்னு நெனச்சு விட்டுரும். தோளோட இழுத்துட்டுப் போயிரக் கூடாதில்ல? இவரு வெள்ளைக் கைக்கு, சாம்பல் கை ஒரு மிஷின். சாம்பல் கைக்கு வெள்ளைக் கை ஒரு மிஷின்.”

“ரெண்டும் என்ற கைதானுங்களே?” என்றார் சென்னியப்பன்.

“அது உங்களுக்குத் தெரியும். அதுகளுக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே கம்பெனிக் கையா இருந்தா, ‘நாந்தான்’னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். வேற கம்பெனிகூடப் பேசறதில்ல.”

“பேச வெக்க முடியாதுங்களா?”

முடியும். அதுதான் எங்கள் தொழிலே. ஒரே நிரலை ஒருமுறை எழுதி இரண்டு கைகளிலும் ஓடவிடுவது. ஜெரால்டு அதைக் கோகிலாவுக்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: “ஒரே மாவுக்கா. இட்டிலிச் சட்டியில ஊத்துனா இட்டிலி, கல்லுல ஊத்துனா தோசை. ஆனா சட்டி விக்கறவன், ‘என்ற சட்டியில ஊத்தற மாவு என்ற கடையிலதான் அரைக்கோணும், அது தோசைக்கு ஆகவே கூடாது’ங்கறான்.”

ஒரு மாதத்தில் எழுதி முடித்தோம். சிறிய செயலிதான். வெள்ளைக் கை இழுக்கும்போது சாம்பல் கைக்கு “நான்தான், விட்டுவிடாதே” என்று சொல்லும். சாம்பலும் அதையே திருப்பிச் சொல்லும். இரண்டு கடைகளுக்கும் அனுப்பினோம். இரண்டும் நிராகரித்தன. பிற கம்பெனிக் கைகளிலும் ஓடக்கூடிய நிரலை ஏற்பதற்கில்லை என்றது வெள்ளை. வெளிச் சாதனத்தோடு பேசும் செயலிக்கு அனுமதியில்லை என்றது சாம்பல். எதிலுமே ஒத்துப்போகாதவர்கள் எங்களை வேண்டாம் என்பதில் மட்டும் அண்ணன் தம்பியாக இருந்தார்கள்.

நுழைந்துபோக ஒரு சந்து இருந்தது. செயலி எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக, கடைக்குப் போகாமலே நேரடியாகக் கையில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் ஓடும், பிறகு தானாக அழிந்துவிடும். அதற்கு மணிக்கட்டின் உட்புறம் இருக்கும் சின்னப் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு கையும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும் என்பதால் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். போட்டிருப்பவரால் அது முடியாது, இன்னொரு ஆள் வேண்டும்.

சென்னியப்பனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நான்தான் முதலில் அழுத்தினேன். எழுந்து பெல்ட்டைக் கழற்றினார். கோகிலா பதறி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவர் லுங்கியின் இரண்டு முனைகளையும் பிடித்து, இழுத்து, மடித்து, இடுப்பில் செருகினார். நின்றது. அதன் பிறகு, கேட்காமலே, கீழ் விளிம்பை இரண்டு கையாலும் தூக்கி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். அறையை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்க் கடை முதலாளி, தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டே மேலே வந்தார். வயதானவர். அவரைப் பார்த்ததும் சென்னியப்பன் மடித்துக் கட்டியதைச் சட்டென்று அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, “வாங்க” என்றார். முதலாளி கவனிக்கவே இல்லை. அவருக்குத் தொட்டிதான் முக்கியம். சென்னியப்பனுக்குத்தான் முகம் முழுக்கச் சிரிப்பு.

“கை போனதுக்கப்பறம் இப்பத்தான் அம்மிணி ஒருத்தருக்கு மரியாதை குடுத்திருக்கேன். மடிச்சுக் கட்டியிருந்தாத்தான எறக்கி உட முடியும்?”

எனக்கு அழுகை வந்தது. தொட்டியைப் பார்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். ஒரு வாரம் முடிந்ததும் செயலி அழிந்துவிடுமே, மறுபடி ஏற்ற வேண்டும். விஷயம் பரவி, வேறு வேறு கம்பெனிக் கை போட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். துணி பிழிய வேண்டும் என்று ஒருத்தி, மிருதங்கம் வாசிக்க வேண்டும் என்று ஒருவர். எல்லாமே என் பெயரில் வாங்கிய சோதனை அனுமதியில் ஓடியது. மாடிப்படியில் வரிசை நின்றது. நான் ஒவ்வொருவராக மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு புதன்கிழமை வெள்ளைக் கம்பெனி என் அனுமதியை ரத்து செய்தது. முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் சென்னியப்பன் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். பஸ் ஏறுவதற்காக லுங்கியைத் தூக்கி மடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கை இழுத்ததும் சாம்பல் கை மிஷின் என்று நினைத்து விட்டுவிட்டது. மொத்த லுங்கியும் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சுற்றி நின்றவர்கள் படம் பிடித்தார்கள். கடைசியில் பூ விற்கிற அம்மா ஒருத்தி தன் சேலைத் தலைப்பை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கட்டிவிட்டாள்.

அவர் மறுபடி வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினார். நான் போனபோது முன்னறைக்கு வரவில்லை. “தூங்கறாரு” என்றாள் கோகிலா. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வெள்ளைக் கம்பெனியிலிருந்து ஸ்ரீவத்சன் என்பவர் வந்தார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஆனால் அவர் வந்ததும் வருத்தம் தெரிவித்தார்.

“பஸ் ஸ்டாண்ட்ல நடந்தது தப்பு மேடம். கொஞ்சம் டைம் குடுத்திருக்கணும். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க செயலி, ‘நான் மிஷின் இல்ல’ன்னு இன்னொரு சாதனம் சொன்னா நம்பிருது. நாளைக்கு ஒரு மிஷினே அப்படிச் சொன்னா? கை விடாது. தோளோட போகும். அந்தக் காவலை நாங்க சும்மா வைக்கல.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சைக்கிள் டியூப் ரப்பர் ஞாபகத்துக்கு வந்தது.

“உங்ககிட்ட வந்தவங்க எல்லாருக்கும் இன்னொரு வெள்ளைக் கை இலவசமா குடுக்கறோம்” என்றார் அவர். “ரெண்டும் ஒரே கம்பெனி, பிரச்சினையே இல்ல. நீங்களும் எங்களுக்கே எழுதுங்க. ரெண்டு கையும் சேர்ந்து செய்யற கூட்டு அசைவு ஒவ்வொண்ணையும் கடைக்கு அனுப்பிப் பாஸ் வாங்கணும், அவ்வளவுதான். சாம்பல் கைக்கு மட்டும் இனிமே எதுவும் கூடாது.”

“லுங்கி?” என்றேன்.

“அனுப்புங்க. பாத்துக்கலாம்.”

ஜெரால்டுக்குச் சம்மதமில்லை. “இன்னைக்கு எலவசம்பாங்க, நாளைக்கு எல்லார் கையும் அவங்க கைதான்” என்றான். சென்னியப்பனுக்குப் போன் போட்டேன். “எனக்காக நீங்க யாருகூடயும் சண்டை கட்ட வேண்டாமுங்க. குடுத்தா வாங்கிக்கறேன்” என்றார். கையெழுத்துப் போட்டேன். அவர்கள் சொன்னபடியே எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

லுங்கிச் செயலியை வெள்ளைக் கைக்கு மட்டுமாக, அவர்கள் கருவியிலேயே, அவர்கள் சொன்ன இலக்கணப்படியே எழுதி அனுப்பினேன். நிராகரிப்பு வந்தது. “பட்டன், ஜிப், கொக்கி எதுவும் இல்லாத ஆடை. பொது இடத்தில் அவிழும் வாய்ப்பு உள்ளது. கண்ணிய விதிக்கு முரண்.” உலகத்தில் பாதி ஜனம் இப்படித்தான் உடுத்துகிறது என்று விளக்கம் எழுதினேன். அதே பதில் வந்தது. ஸ்ரீவத்சனைக் கூப்பிட்டேன். “என் டிபார்ட்மென்ட் இல்ல மேடம், ஆனா ட்ரை பண்றேன்” என்றார். பாவம், முயற்சி செய்தார் என்றுதான் நினைக்கிறேன். துணி பிழிவது பாஸ் ஆனது, மிருதங்கம்கூடப் பாஸ் ஆனது. லுங்கி மட்டும் ஆகவில்லை.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வரிசை எல்லாம் இல்லாத படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. பேன்ட் போட்ட ஒருவர் வாசலில் நின்றார். பின்னால் வந்த கோகிலாவைப் பார்த்த பிறகுதான் அது சென்னியப்பன் என்று தெரிந்தது. இரண்டு கையும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

“நல்லாருக்குங்களாண்ணா?” என்றேன்.

“கைக்கு ஒரு கொறையும் இல்லீங்க. பட்டன் போடுது, ஜிப்பு போடுது, பெல்ட்டுப் போடுது.” தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “என்னத்தக் கட்டறதுன்னுதான் அதுகளே முடிவு பண்ணிக்குது.”

கோகிலா தோளில் மாட்டியிருந்த மஞ்சள் பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே பழைய சாம்பல் கை, அவருடைய லுங்கியில் சுற்றி இருந்தது.

“இத மறுக்கா மாட்டிக் குடுங்க” என்றாள். “பேன்ட்டப் போட்டுட்டு ஊட்டுக்குள்ள ஒக்காந்திருக்காரு. ஊட்டுக்கு வந்த விருந்தாளி ஒக்காந்த மாதிரி. பாக்க முடியலீங்க.”

“அக்கா, நாங்க ஒப்பந்தம் போட்டிருக்கோம்.”

“புதுசா எழுதக் கூடாதுன்னுதான?” என்றான் ஜெரால்டு. “இது பழசு. குடுக்கக் கூடாதுன்னு இல்ல.”

“அதுவும் இருக்கு. அடுத்த பக்கத்துல.”

அவன் படித்திருக்கவில்லை. நான் சென்னியப்பனிடம் திரும்பினேன். ஒப்பந்தத்தைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை.

“அண்ணா, அவங்க சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. இது காவலைத் தளத்தற வேலை. நாளைக்கு ஏதாவது மிஷின்ல மாட்டுனீங்கன்னா கை விடாமப் போகலாம். யோசிச்சா, நாங்க பண்றதும் அந்த ரப்பர் மாதிரிதான்.”

“மாதிரி என்னங்க, ரப்பரேதான்” என்றார் சென்னியப்பன். “அது எனக்குத் தெரியாதுங்களா? அன்னைக்குச் சுத்துனது மேஸ்திரி சொல்லி, கம்பெனி வேலை ஓடறதுக்கு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயில்ல. இது நானே கேக்கறது, நான் தெருவுல நடக்கறதுக்கு. ரெண்டும் ஒண்ணுங்களா? மிஷின் பக்கம் இனி நான் போக மாட்டேன். போனா கைய உள்ள உட மாட்டேன். அத நான் பாத்துக்கறேன், அம்மிணி.”

சரி என்றேன். ஒரே ஒரு சிக்கல் இருந்தது: என் பெயரில் அனுமதி வாங்க முடியாது. ஆனால் செயலி எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று யார் வேண்டுமானாலும் தன் பெயரில், ஒரே ஒரு ஆளின் கைக்குச் சோதனை அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அந்த வழியை அவர்கள் அடைக்கவில்லை, அடைத்தால் புதிதாக யாரும் எழுத வரமாட்டார்கள். கோகிலாவின் பெயரைப் பதிந்தோம். நிறுவனத்தின் பெயர் என்ன என்று கேட்ட இடத்தில் அவள் சிரித்துவிட்டு, “ஊடுன்னு போடுங்க” என்றாள். இரண்டு கம்பெனிகளின் பட்டியலிலும் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிற ஒரு செயலி நிபுணர் சேர்ந்தாள்.

ஜெரால்டு இடது வெள்ளைக் கையைக் கழற்றிவிட்டுச் சாம்பல் கையை மாட்டினான். “ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்குங்கக்கா. ஒண்ணு முன்ன பின்ன ஆனா ஏறாது” என்றான்.

ரெண்டு பட்டன் என்றதும் கோகிலாவின் முகம் மாறியது. கொஞ்ச நேரம் அவர் மணிக்கட்டுகளை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டியபடி நின்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். இரண்டு கையும் ஒன்றாக ஒலித்தன.

சென்னியப்பன் மறைவுக்குப் போய்ப் பேன்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கியோடு வந்தார். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, படியில் யார் உதவியும் இல்லாமல் இறங்கினார். நானும் ஜெரால்டும் பின்னாலேயே தெருவரை போனோம்.

“வாரா வாரம் சனிக்கெழமை மறந்துராதீங்கக்கா” என்றேன். “நீங்க அமுக்கலைன்னா அழிஞ்சுரும்.”

“அப்ப வாரத்துக்கு ஒருக்கா நான் மனசு வெச்சாத்தான் இவரு வெளிய போக முடியும்?” கோகிலா நிதானமாகக் கேட்டாள். “பொரிக்க மீனு வாங்கிட்டு வரலீன்னா, சண்டை போட்டுட்டு பேசலீன்னா, நான் அமுக்க மாட்டேன்னு சொல்லிக்கலாம்?”

“சொல்லிக்கலாம்” என்றான் ஜெரால்டு.

சென்னியப்பன் நடப்பதை நிறுத்தினார். திரும்பி மனைவியைப் பார்த்தார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து, கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.